ஒரே எண்ணில் இருவர்

தேனி, சின்னமனூர், கம்பம் மூன்று ஊர்களிலும் கிளை வைத்திருந்த ஒரு மருத்துவமனைக்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கிளைக்கு ஒரு பழைய புரோகிராம். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. எந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தாலும் நோயாளியின் விவரம் வர வேண்டும் என்று ஜாவாவில் புதிதாக எழுதினேன். மூன்று கிளைகளின் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தவளும் நான்தான்.

புது மென்பொருள் தொடங்கிய முதல் நாள் காலை கம்பம் கிளையில் இருந்தேன். ஊசி போடும் அறையிலிருந்து நர்ஸ் வந்து கூப்பிட்டார். கட்டிலில் இருந்த உத்தமபாளையத்துப் பெண் முந்தானையால் கையை மூடிக்கொண்டிருந்தார்.

"போன தடவ இந்த ஊசியப் போட்டுத்தான் மூஞ்சியெல்லாம் வீங்கிருச்சு. இனிமே போடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாக. உங்க கம்ப்யூட்டர்ல அது இல்லையா?"

திரையில் ஒவ்வாமை எதுவும் இல்லை என்றிருந்தது. பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊசி போடக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

மூன்று கிளைகளும் தனித்தனியே ஒன்று, இரண்டு என்று நோயாளிகளுக்கு எண் கொடுத்து வந்திருந்ததால், ஒரே எண் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. அதனால் எண்ணோடு கிளையைக் குறிக்கும் எழுத்தையும் சேர்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் சேர்த்திருந்தேன். ஒவ்வாமைப் பட்டியலில் விட்டுவிட்டேன். அதே எண் கொண்ட தேனி நோயாளியின் குறிப்பு இந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது.

தேனியிலிருந்த நிர்வாகிக்குப் போன் செய்தேன். ஓடும்போதே சரிசெய்ய முடியாதா என்று கேட்டார்.

"முடியாது சார். இப்பவே நிறுத்தணும். தப்பு என்னோடது."

நிறுத்தச் சொன்னார்.

காலையில் வந்துபோனவர்களின் அட்டைகளை எல்லாக் கிளைகளிலும் எடுத்துப் பார்த்தோம். ஆகாத மருந்தோடு போனவர் ஒருவர் மட்டும் இருந்தார்: கையில் சீழ் பிடித்து வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு போன காமயகவுண்டன்பட்டிக்காரர். அந்த மாத்திரை ஆகாது என்று அவர் அட்டையில் இருந்தது. போன் நம்பர் இல்லை. டாக்டர் வேறு மாத்திரை எழுதித் தர, நானும் நர்ஸும் மருத்துவமனை ஜீப்பில் கிளம்பினோம்.

டீக்கடையில் விசாரித்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டையில் ஒரு குமிழ் கிழிந்திருந்தது.

"ஒன்னு போட்டுட்டீகளா?" என்று நர்ஸ் கேட்டார்.

"சோறு தின்னுட்டுப் போடச் சொன்னாக. பிரிச்சு வச்சேன். இந்தா இருக்கு." தூக்குவாளி மூடியில் அந்த மாத்திரை கிடந்தது.

ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். யார் இந்தப் பொண்ணு என்று அவர் நர்ஸிடம் கேட்டார். நானே சொன்னேன், நான் செய்த தவறையும் சேர்த்து.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தாயி. குடுத்தத வாங்கிட்டு வந்தேன்."

புது மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

ஒவ்வொரு அட்டையாக ஒப்பிட்டுச் சரிபார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. மறுபடி தொடங்கிய அன்று முழுக்க நர்ஸின் பக்கத்திலேயே நின்றேன். சாப்பிடப் போகச் சொன்னார். போகவில்லை.