இரண்டாம் முறை பேசிய பேச்சு

பேச்சுரிமை பற்றி நான் முதன்முதலில் பேசியது ஐந்தாம் வகுப்பில், ஒரு குடியரசு தினத்தில். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் மேடை. பேச்சை எழுதித் தந்தவர் ஊராட்சித் தலைவரான அப்பா. அரசமைப்புச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவை நான் மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்ததும் ஊரே கைதட்டியது.

அப்போது அத்தை எழுந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, கணவனை இழந்தவள். வாய்க்காலின் கடைசியில் இருந்தது அவள் வயல். கதிர் பால் பிடிக்கும் நேரம். ஆற்றில் தண்ணீர் நிறுத்த இரண்டே நாள்தான் இருந்தது. அப்பாவோ மடையைத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தார்.

"அண்ணே, புள்ள நல்லாப் பேசுச்சு. மைக்கக் குடுங்க, நானும் ரெண்டு வார்த்த பேசிக்கிறேன்."

"பேசேன், ஒன்ன யாரு தடுத்தா? போலீசா வந்து புடிக்கப் போவுது? மைக்கு மட்டும் புள்ளைங்களுக்கு எடுத்தது."

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே நின்று வெறும் தொண்டையில் பேசத் தொடங்கினாள். அப்பா என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார். புரிந்துகொண்டேன். முடிந்த பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நான் மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும் அவள் குரல் கேட்டது. 'மடை.' 'கதிரு.' 'ரெண்டே நாளு.' முடித்தபோது முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அத்தை நகரவில்லை.

"தொண்ட கட்டிக்கப் போவுதுடா. தண்ணி குடிச்சிட்டு வேணும்னா மறுபடியும் பேசு. நீ முடிக்கிற வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

அப்பா கூட்டத்தைக் கலைத்தார். ஆட்கள் போன பிறகும் வெற்று நாற்காலிகளைப் பார்த்து அவள் பேசி முடித்துவிட்டுத்தான் போனாள். தண்ணீர் வரவில்லை. அந்த வருஷம் அவள் அறுத்தது பாதிக்குமேல் பதர். எனக்கு ஓர் எவர்சில்வர் தம்ளர் பரிசு.

பிறகு வக்கீலானேன். அதே பிரிவைக் காட்டிப் பல வழக்குகளில் வென்றேன். அன்று நடந்ததை அந்தப் பிரிவில் வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன்; அத்தையின் உரிமையில் ஒரு கீறல்கூட இல்லை. எந்த நீதிமன்றமும் அப்பாவையோ என்னையோ ஒரு கேள்வி கேட்டிருக்காது.

சிறுபிள்ளை, என்ன தெரியும் என்பார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். சட்டம் அவ்வளவு தூரம்தான் வரும் என்பது எனக்கு அன்று தெரியாது. அவள் பேச்சு யார் காதிலும் விழக்கூடாது என்பது தெரியும். 'ரெண்டே நாளு' கேட்ட பிறகு நான் மூச்சு வாங்கவே இல்லை.