செல்வராணி டீச்சர் விடச் சொன்ன கேள்விகள்

அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு. விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் எனக்கு அறைக் கண்காணிப்பு வேலை போட்டிருந்தார்கள். உள்ளே போகும்போதே செல்போனை அணைத்து, உறையில் போட்டு, மேலே பெயரெழுதி அலுவலக அறையில் கொடுத்துவிட வேண்டும். தேர்வு முடிந்து, விடைத்தாள்களை எண்ணிக் கட்டி ஒப்படைத்துவிட்டு, போனை வாங்கி உயிர்ப்பித்தேன். பதினேழு தவறிய அழைப்புகள். எல்லாம் எங்கள் பள்ளிக்காரர்கள். திரும்ப அழைத்தால் எங்கள் கணக்கு ஆசிரியர் அழுதுகொண்டு சொன்னார்: "சார், செல்வராணி டீச்சர் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வந்திருக்காங்க. வழியிலயே முடிஞ்சிடுச்சாம்."

நான் அறைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்த அந்த மூன்று மணி நேரமும் அவர் இல்லாத மூன்று மணி நேரம். எனக்கு மட்டும் தெரியவில்லை. 

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் விலங்கியல் ஆசிரியர், நான் வேதியியல். அவர் திண்டிவனத்திலிருந்து வருவார், நான் விழுப்புரத்திலிருந்து. எதிரெதிர் பக்கத்திலிருந்து வந்து பள்ளி வாசலிலேயே சண்டையை ஆரம்பித்துவிடுவோம். என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனால் விவாதத்தில் ஒரு நாளும் வயதுக்கு மரியாதை கொடுத்ததில்லை. "வயசை வெளிய வுட்டுட்டு உள்ள வாங்க சார்" என்பார்.

எங்கள் பெரிய சண்டை, எழுதுவதா விடுவதா என்பதைப் பற்றியது. என் இருபத்தெட்டு வருட அனுபவத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரே மந்திரம், "பக்கத்தை வெள்ளையா விடாதே" என்பதுதான். பதில் தெரியவில்லையா, கேள்வியையாவது திருப்பி எழுது, ஒரு படத்தையாவது போடு, திருத்துகிறவர் மனமிரங்கி அரை மதிப்பெண் போடுவார். எத்தனை பிள்ளைகளை இப்படி முப்பத்தைந்தைத் தொட வைத்திருக்கிறேன்! வேதியியலில் எல்லாரும் பாஸ் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த ஆள் நான். என் மந்திரத்தை நம்பாத ஆசிரியர் எங்கள் வட்டாரத்திலேயே கிடையாது.

நீட் தேர்வு வந்தபோது இந்த மந்திரமே எங்கள் பிள்ளைகளுக்கு எமனானது. அங்கே சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும், விட்டுவிட்டால் ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எதையும் விடாதே என்று வளர்ந்த பிள்ளை, நூற்றெண்பது வட்டத்தையும் கருப்பாக்கிவிட்டு வந்து நிற்கும். இதை முதலில் கண்டுகொண்டவர் செல்வராணி டீச்சர். சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் அவர் பாடம் நடத்தியதைவிட, தெரியாத கேள்வியை விட்டுவிடப் பழக்கியதுதான் அதிகம். கேள்வித்தாளில் தெரிந்ததற்கு டிக், யோசிக்க வேண்டியதற்குப் புள்ளி, தெரியாததற்கு ஒரு கோடு. கோடு போட்டதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாதிரித் தேர்வு முடிந்ததும் கடலை மிட்டாய் கொடுப்பார், முதல் மதிப்பெண் எடுத்தவருக்கு அல்ல, குறைவாகத் தப்புப் போட்டவருக்கு. "தெரியலன்னா தெரியலதான். அதுல இன்னா அவமானம்? தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதுக்குத்தான் மார்க்கைப் புடுங்கறான்" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியர் அறைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலும் நான்கில் ஒரு முறை சரியாகும். நான்கு கிடைக்கும், மூன்று போகும், ஒன்று மிச்சம். "ஆகவே எல்லாவற்றையும் நிரப்புவதே அறிவியல்" என்று சாக்பீஸைத் தட்டி வைத்தேன். டீச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "சார், நம்ம புள்ளைங்க கண்ணை மூடிக்கினு குறிக்கிறதில்ல. கண்ணைத் தொறந்துக்கினு, எது சரி மாதிரி தோணுதோ அதைக் குறிக்குது. கேள்வி போடறவன் அப்படித் தோணணும்னே ஒரு தப்பை வச்சிருக்கான்."

நான் கேட்டேனா? கேட்கவில்லை. அங்கேதான் அந்தப் பெரிய பிழையைச் செய்தேன்.

மயிலம் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள் பிளஸ் டூ மாணவி கௌசல்யா. அப்பா ஏழுமலை கூலி வேலைக்குப் போகிறவர். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் மருத்துவக் கல்லூரிக்குப் போனதில்லை. போனால் இவள்தான் போவாள் என்பது, நாங்கள் இருவரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். போன வருடம் தேர்வன்று மையத்து வாசலில் டீச்சர் அவளுடைய ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நான் அவள் காதில் சொன்னேன்: "கடைசி அரை மணி நேரம் இருக்கில்ல, அதுல மிச்சத்தையெல்லாம் நிரப்பிடும்மா. எதையும் விடாதே."

விடைகள் வெளியானபோது அவளுடைய கேள்வித்தாளையும் விடைத்தாள் நகலையும் விரித்துவைத்துப் பார்த்தோம். முப்பத்தெட்டு கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் கோடு போட்டிருந்தாள். டீச்சர் சொன்னபடி விட்டிருக்கிறாள். பிறகு கடைசி அரை மணியில் என் குரல் நினைவுக்கு வந்து முப்பத்தெட்டையும் நிரப்பியிருக்கிறாள். நான்கு சரி, முப்பத்து நான்கு தவறு. பதினெட்டு மதிப்பெண் கழிந்திருந்தது. பிறகு கலந்தாய்வு முடிந்தபோது பார்த்தால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இட ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் கிடைத்தவருக்கும் இவளுக்கும் இருந்த வித்தியாசம் அதைவிடக் குறைவு.

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சார், அந்தப் பொண்ணு தன்னையே மக்குன்னு நெனச்சிக்கினு இருக்கு. அவங்க அப்பா அடுத்த வாரம் கம்பெனி வேன்ல வேலைக்கு ஏத்தி அனுப்பறாராம். நான் போய்ச் சொன்னா ஆறுதல் சொல்றதாத்தான் நெனைப்பாங்க. நீங்க வந்து சொல்லணும்" என்றார். பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் எனக்கு வியர்த்தது. பிள்ளைகள் முன் தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கம் நம் வாத்தியார் ஜாதிக்கே கிடையாதே!

ஏழுமலை விதைக்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலி தேடினார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்: "தப்பு பொண்ணு மேல இல்லைங்க. நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு. டீச்சர் சொன்னபடி எழுதியிருந்தா இந்நேரம் சீட்டு கெடைச்சிருக்கும்." அவர், "அப்ப எம்பொண்ணுக்குப் படிப்பு ஏறாம போவலியா சார்?" என்று கேட்டார். "நல்லாவே ஏறியிருக்குங்க" என்றேன். உள்ளே கதவோரம் கௌசல்யா அழுவது கேட்டது. ஏழுமலை கையிலிருந்த மல்லாட்டைத் தோலை உதறிவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே வூட்டுக்கு வந்து தம்மேலதான் தப்புன்னு சொல்றாரு. இதுக்கு மேல இன்னா இருக்குது? இன்னொரு தபா எழுதட்டும் சார். வேனு அடுத்த வருசமும் வரும்."

திரும்பும் வழியில் டீச்சர் என்னை விட்டாரா? "அடுத்த சனிக்கிழமை நீங்களும் பரீட்சை எழுதணும்" என்றார். விலங்கியல் மாதிரித்தாள், நாற்பத்தைந்து கேள்விகள், பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். விட வேண்டும், விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஐயோ, கை கேட்டால்தானே! எல்லாமே எங்கேயோ கேள்விப்பட்டது போலவே இருந்தது. நாற்பத்தைந்தையும் நிரப்பினேன். ஆறு சரி, முப்பத்தொன்பது தவறு. சிவப்பு மையில் பெரிதாக "-15" என்று போட்டு வகுப்பில் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழாத குறை. கௌசல்யாவும் சிரித்தாள். தேர்வு முடிவு வந்தபின் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "பாத்தீங்களா, ஒண்ணுமே படிக்காம போயிருந்தா சாருக்கு சீரோ. சாரைவிட சீரோ பதினஞ்சு மார்க் அதிகம்" என்றார் டீச்சர். என் கரும்பலகைக் கணக்கு அன்றோடு செத்தது.

அந்த வருடம் முழுவதும் சனிக்கிழமைகளில் கௌசல்யா வந்தாள். டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாததால்தான் இப்படி மெனக்கெடுகிறார் என்று யாரோ சொன்னபோது அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஏன், இருந்தா ஒழுங்கா வேலை செய்ய மாட்டேனா?" என்று ஒரே கேள்வியில் சொன்னவர் வாயை அடைத்துவிட்டார். அவரைப் புகழ்வதாக நினைத்து அப்படி எழுத நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த மாலை, ஏழுமலை மகளோடு வந்திருந்தார். கௌசல்யா மண் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "இனிமே எப்படி சார்?" என்றாள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.  அடுத்த சனிக்கிழமை போய், டீச்சரின் பீரோவிலிருந்த மாதிரித்தாள்களை எடுத்து நானே தேர்வு வைத்தேன். விலங்கியலில் ஒரு சந்தேகம் கேட்டார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வகுப்பில் நின்று, "எனக்குத் தெரியலம்மா, கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இந்த மே மாதம் அதே போல ஒரு தேர்வு மைய வாசல். கௌசல்யா உள்ளே போகுமுன் திரும்பி, "ஏதாவது சொல்லுங்க சார்" என்றாள்.  பேனாவால் கோடு இழுப்பது போலக் காற்றில் விரலால் ஒரு கோடு போட்டேன். தலையாட்டிவிட்டுப் போனாள். ஏழுமலையும் நானும் வெயிலில் ஒரு டீக்கடைப் பந்தலடியில் உட்கார்ந்திருந்தோம். கடைசி அரை மணி நேரம் வந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். "இன்னா சார், நீங்க எழுதற மாதிரி இருக்குது" என்றார் ஏழுமலை.

அவள் வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று அவர் கேட்க, அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முப்பத்தொண்ணு விட்டுட்டேன் சார்." அந்த ரோட்டில், அத்தனை பெற்றோர் நடுவில் நான் அழுதுவிட்டேன். முப்பத்தொரு கேள்வியை ஒரு பிள்ளை விட்டுவிட்டு வந்ததற்காக ஆனந்தக் கண்ணீர் விட்ட வேதியியல் ஆசிரியர் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விடைகள் வந்ததும் டீச்சர் வீட்டிலேயே, அவர் கணவர் ஆரோக்கியம் எதிரில் உட்கார்ந்து சரிபார்த்தோம். போன வருடம் இடம் கிடைத்த கடைசி மதிப்பெண்ணை நன்றாகவே தாண்டியிருக்கிறாள். அதிகாரப்பூர்வ முடிவு இன்னும் வரவில்லை. வரட்டும். ஆரோக்கியம் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்துபோய், டீச்சர் வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாய் டப்பாவை எடுத்து வந்து கௌசல்யாவிடம் கொடுத்தார். பாதி டப்பா இன்னும் இருந்தது.

டீச்சர் நினைவாக என்னிடம் இருப்பது "-15" போட்ட அந்த விடைத்தாள்தான். பள்ளி திறந்ததும் புதுப் பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் காட்டப் போகிறேன். அவர்கள் சிரித்து முடிக்கட்டும். அப்புறம் முதல் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் எப்படிக் கோடு போடுவது என்று செல்வராணி டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே சொல்லிக் கொடுப்பேன்.