ரிஜெக்ட் ஆன முன்பல்

போன வாரம் புதன்கிழமை என் முன்பல் ரிஜெக்ட் ஆனது.

வலிக்கவில்லை, ஆடவில்லை. ரிஜெக்ட் செய்தவரும் டாக்டர் இல்லை — என் மனைவியின் அண்ணன் ஆரோக்கியசாமி. திருவெறும்பூர் பக்கம் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதித்தவர். விரிசல் இருந்தால் ரிஜெக்ட். அதில் பேச்சே கிடையாது. ரிட்டயர் ஆனபின் கை சும்மா இருக்குமா? ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் அவர் ரிஜெக்ட் செய்யாத பீங்கான் கப் ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்று நான் கொட்டாவி விட்டது தப்பு.

"மாப்ள, அப்படியே இருங்க! பல்லுல ஒரு கோடு தெரியுது."

தொழிற்சாலையில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடர் அடிப்பார்களாம். விரிசலுக்குள் போன சாயம் கசிந்து காட்டிக்கொடுக்கும். எனக்குச் சாயம் பீட்ரூட் சாறு. பவுடர் அரிசி மாவு. வாயைப் பிளந்தபடி காத்திருந்தேன்... தெரிந்தது, தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு!

"ரிஜெக்ட். கழட்டிட்டு வேற போட்டுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு ரிசப்ஷன். முன்பல் இல்லாமல் மேடையில் நிற்பதா? உண்மையிலேயே பயந்துவிட்டேன். மனைவியைப் பார்த்தேன்.

"அண்ணன் தெரியாமலா சொல்வாங்க? மேடையில சிரிக்கிறப்ப உடைஞ்சு விழுந்தா?"

மறுநாள் காட்டூரில் பல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மச்சானும் வந்தார், லென்ஸோடு.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வயசானா இந்தக் கோடு நிறைய பேருக்கு இருக்குங்க சார். எனாமல் ஒரே கல்லு மாதிரி இல்லை. மைக்ராஸ்கோப்ல பார்த்தா, முடியைவிட மெல்லிசான குச்சிங்க கட்டுக்கட்டா குறுக்கும் நெடுக்கும் ஓடும், கூடை முடைஞ்ச மாதிரி. விரிசல் நேரா போக முடியாது. வளைஞ்சு வளைஞ்சு பாதியிலயே நின்னுடும். மீறிப் போனாலும் எனாமலுக்கு உள்ள இருக்கிற டென்டின்ங்கிற அடுக்கு கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துத் தாங்கிக்கும். பல்லை எடுக்கவே வேண்டாம்."

அதாவது, நம் பல் விரிசலைத் துரத்துவதில்லை. மனு கொடுக்க வந்தவரை நம் அரசு அலுவலகங்கள் செய்வது போல, இந்த சீட்டுக்கும் அந்த சீட்டுக்கும் அலையவிட்டு உட்கார வைத்துவிடுகிறது! இத்தனை நாள் அந்த அலைக்கழிப்பைத் திட்டியவன், என் பல்லுக்காக முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

மச்சான் முகம் மட்டும் வெளிறிவிட்டது. "விரிசலை வச்சுக்கிட்டே வேலை பார்க்குமா? இந்த டிசைனை எவன் பாஸ் பண்ணான்?"

"நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க சார்," என்றார் டாக்டரம்மா. டார்ச் அடித்துப் பார்த்தார். "உங்களுக்கு அஞ்சு கோடு இருக்கு."

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் மச்சான் பெட்டிக்கடைப் பக்கம் போனார். அங்கே ஒரு முறுக்குப் பாக்கெட் வாங்கி, பயந்து பயந்து கடித்தார். கடக்! நாக்கால் ஐந்தையும் தடவிப் பார்த்தார்.

"அஞ்சும் பாஸ்," என்றார்.

"என்னோடது மச்சான்?"

"உங்களோடது ஹோல்டு."

ஞாயிறன்று மேடையில் எல்லாப் பற்களும் தெரிய, மனசாரச் சிரித்தேன். முதல் வரிசையில் மச்சான் — லென்ஸோடு!