செவலையோட நெத்தி

தோட்டத்து இளைஞர் கழகம் இந்த வருசம் மலர்ப் புத்தகம் போடுதாம். நம்ம தோட்டத்து ஆள் ஒருத்தரைப் பத்தி ஆளுக்கொரு கதை குடுங்கன்னு வரிசை வீட்டு லயம் லயமாக் கேட்டு வந்தாங்க. பழைய தலைவரைப் பத்தியே மூணு பேர் எழுதிட்டாங்களாம். எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும். பேத்தி லோஜினி எழுதுறா. நான் சொல்றது சுமனைப் பத்தி. நோர்வூட் பக்கத்துல நம்ம தோட்டத்து பக்டரியில மெசின் திருத்துறானே, எனக்குப் பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கானே, அந்தச் சுமன்.

அவன் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனா சின்னதுல என் அடுப்படியிலதான் கெடப்பான். சும்மா கெடக்க மாட்டான். மண்ணெண்ணெய் அடுப்பைக் கழட்டிப் போட்டுருவான். திரும்பப் பூட்டுறப்ப எப்பவும் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும். ஆனா அடுப்பு முன்னைவிட நல்லா எரியும். மிச்சமான திருகாணியையெல்லாம் ஒரு மாவு டின்னுல போட்டு வச்சிருந்தேன். வேலைக்குப் போன முதல் நாள் அந்த டின்னைத்தான் பரிசாக் குடுத்தேன். இன்னும் வச்சிருக்கான்.

பத்து வருசத்துக்கு முன்னாடி அட்டன்ல, அன்ஸார் நானான்னு எல்லாரும் கூப்பிடுற பைக் கடைக்காரருகிட்ட ஒரு சிவப்பு ரேஸ் பைக் வாங்கினான். யாரோ ஓட்டி வித்ததுதான். முன்னால குனிஞ்சு, பின்னால தூக்கி, முட்ட வர்ற மாடு மாதிரி நின்னுச்சு. செவலைன்னு பேர் வச்சேன். அப்ப எங்க வீட்டு மாட்டுக்கும் அதே பேருதான். அவனுக்கு வெக்கம். "ஊருல எல்லாரும் இங்கிலீசுல பேர் வைக்கிறான், நீங்க மாட்டுப் பேரை வைக்கிறீங்களே அம்மாயி"ன்னான். ஒரு மாசத்துல அவனே, "செவலைக்கு எண்ணெய் மாத்தணும்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

வந்த அன்னைக்கே கோயில் வாசல்ல நிப்பாட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, நெத்தியில மஞ்சளும் சந்தனமும் கொழைச்சுப் பூசி குங்குமம் வச்சேன். நெத்தின்னா, கைப்பிடி திரும்புதே, அதுக்குக் கீழ விளக்குக்குப் பின்னால உருண்டையா ஒரு இரும்பு இருக்கும், அந்த இடம். "விளக்குல வைங்க அம்மாயி"ன்னான். "விளக்கு கண்ணுடா. கண்ணுலயா பொட்டு வைப்பாங்க?"ன்னேன். அதுக்குப் பொறவு வருசா வருசம் ஆயுத பூசைக்கு அதே இடந்தான். பழசைக் கழுவ விடமாட்டேன். சாமிக்குப் பூசின சந்தனத்தைச் சுரண்டுவாங்களா? மேல மேல பூசிக்கிட்டே வந்தேன்.

அந்த வண்டியில அவன் செய்யாத வேலை இல்ல. முதுகுல பலாப்பழத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான். என்னை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பின்சீட்டு அவன் தலைக்கு மேல இருக்கு. ரோட்டுல பாத்தவங்கெல்லாம் எனக்குக் கும்பிடு போட்டாங்க, தேருல போற சாமி மாதிரி. காய்ச்சல் பாதி வழியிலயே ஓடிப் போச்சு.

அந்த வண்டியிலதான் ஞாயித்துக்கிழமை தவறாம றொசல்லைக்குப் போனான். கேட்டா, ரயில் பாக்கப் போறேன்னான். ரயில் வந்து போன பொறகும் அங்கேயே நிப்பானாம். ஸ்டேசனுக்கு மேல லயத்துல ரஜனி இருந்தா. பொண்ணு கேட்டுப் போனப்ப அவ அப்பா, "குனிஞ்சே வண்டி ஓட்டுற பயலுக்கு முதுகெலும்பு இருக்கா?"ன்னாரு. நான் விடல. "அது இல்லாமலா ஒம்ம வீட்டு மேட்டை மழையில ஏறி வந்தான்?"னு கேட்டேன். சிரிச்சுட்டாரு. கல்யாணம் முடிஞ்சுது.

நடுவுல வெளிநாட்டு வண்டி வரக் கூடாதுன்னு அரசாங்கத்துல நிப்பாட்டி வச்சிருந்தாங்களே, அந்த வருசமெல்லாம் செவலைய இவன்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தான். சாமான் கெடைக்காது. பக்டரியில கழிச்சுப் போட்ட இரும்புல கால் வைக்கிற கட்டை செஞ்சு போட்டான். கடைசியில அதுக்கும் வயசாகிப் போச்சு. புகை கக்குச்சு. குளிருல ஸ்டாட் ஆகாது. விடியக்காலை வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற பொம்பளைங்க நாலு பேர் சேந்து தள்ளி விடுவாங்க. "ஒனக்கு வண்டியா, எங்களுக்கு வேலையா?"ன்னு வசவு வேற.

போன வருசம் புது வண்டிங்க திரும்ப வர ஆரம்பிச்சதும், அன்ஸார் நானா கடைக்கு ஒரு நீல வண்டி வந்துச்சு. செவலையோட புது ஜாதி. ஒண்ணே ஒண்ணு. பழசைக் குடுத்துட்டு மேல காசு போட்டு எடுக்கலாம்னாரு. சுமன் மூணு தடவை போயி கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டு வந்தான். சோறு எறங்கல. ரஜனி என்கிட்ட வந்து, "என்னைப் பாக்க ரயில் சாக்கு சொல்லிக்கிட்டு வந்தாரு, இதைப் பாக்க சாக்குக்கூட சொல்லல அம்மாயி"ன்னா. ஆனா அவதான் கை வளையல் வேண்டாம்னு சொல்லி, சேத்த காசை எடுத்துக் குடுத்தா. அன்ஸார் நானா சொல்லிட்டாரு: "தம்பி, சனிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் ஒங்களுக்காக வச்சிருப்பேன். அதுக்குப் பொறகு டயகமவுல இருந்து ஒருத்தர் வாராரு. அவரு கையில முழுக் காசு இருக்கு."

சனிக்கிழமை காலையிலயே கெளம்பணும்னு துடிச்சான். ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம், கூடாதுன்னேன். மாடு விக்கிறப்ப மாட்டைத்தான் குடுப்போம், கயித்தைக் குடுக்க மாட்டோம். அதனால சாவியில கட்டியிருந்த செவப்புக் கயித்தை அவுத்து மடியில முடிஞ்சேன். நெத்தியில கடைசியா ஒரு பூச்சு கெட்டியாப் பூசினேன். செவலைய நான்தான் கை மாத்துவேன்னு சொல்லி அவனை அதுல முன்னால அனுப்பிட்டு, ரஜனியைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போனேன். மடியில அஞ்சு எலுமிச்சம்பழம், புது வண்டிக்கு.

நாங்க போய்ச் சேர பன்னெண்டரை தாண்டிருச்சு. கடையில பேப்பர் வேலை பாக்குறவரு கனகலிங்கம், யாழ்ப்பாணத்து மனுசன், மூக்குக்கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டு செவலைய சுத்திச் சுத்தி வந்தாரு. நெத்திக்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு.

"தம்பி, சேசி நம்பர் இதிலதானே அடிச்சிருக்கும்? உது என்ன பூச்சு? ஒண்டும் தெரியேல்லையே."

சுமன் எட்டிப் பாத்தான். அப்பறம் என்னைப் பாத்தான்.

"அம்மாயி."

"என்னடா?"

"நீங்க ஒம்பது வருசமாப் பொட்டு வச்சது வண்டியோட நம்பர் மேல."

"நெத்தியில நம்பர் அடிச்சது அவங்க தப்பு"ன்னேன்.

கனகலிங்கம் தலையைச் சொறிஞ்சாரு. "ஆச்சி, வண்டிப் புக்கில இருக்கிற நம்பரும் வண்டியில இருக்கிற நம்பரும் ஒண்டா இருக்க வேணும். கண்ணால காணாத நம்பரை நான் எப்பிடி எழுதுறது?"

சுமன் திருப்புளியை எடுத்தான். அன்ஸார் நானா ஓடி வந்து கையைப் பிடிச்சாரு. "சுரண்டாதீங்க தம்பி! கீறல் விழுந்தா நம்பரை மாத்தி அடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க. வண்டியை யாருமே வாங்க மாட்டாங்க." பெட்ரோல்ல துணியை நனைச்சுத் தேச்சாங்க. மேல பூசினது மட்டும் போச்சு. அடியில சந்தனமும் எண்ணெயும் துருவும் சேந்து கல்லாட்டம் இருந்துச்சு. மணி ஒண்ணேகால்.

சுமன் படியில போய் உக்காந்துட்டான். கண்ணாடிக்கு உள்ள நீல வண்டி மினுங்குது, இவன் அந்தப் பக்கம் திரும்பல. "விடுங்க, அந்த டயகமக்காரருக்கே குடுங்க நானா"ன்னான். என்னை ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா நான் திருப்பி ஏசியிருப்பேன். ஏசாததுதான் எனக்குப் பொறுக்கல.

கோயில் குத்துவிளக்குல காஞ்சு போன சந்தனத்தை வருசா வருசம் நான்தானே எடுக்குறேன்? பெட்ரோல்லயா எடுக்குறேன்? "நானா, சுடுதண்ணி இருக்கா? உப்பு இருக்கா?"ன்னேன். சாப்பாட்டுப் பொட்டலத்துல இருந்த உப்பும், பிளாஸ்க்குல தேத்தண்ணிக்கு வச்சிருந்த சுடுதண்ணியும் வந்துச்சு. எலுமிச்சம்பழத்தை வெட்டி, உப்பைத் தொட்டு, தேய்க்க ஆரம்பிச்சேன்.

"சாமிக்குப் பூசினதைச் சுரண்டக்கூடாதுன்னு சொன்னீங்களே?"ன்னு ரஜனி கேட்டா.

"சுரண்டல. குளிப்பாட்டுறேன்."

முதல் பழம் தீந்துச்சு. செவப்பா ஒழுகுச்சு. ரெண்டாவதுல மஞ்சள். மூணாவது பழத்துல சின்னதா ஒரு ஸ்டிக்கர் பொட்டு கழண்டு வந்துச்சு. நான் அதை வைக்கலயே! ரஜனி குனிஞ்சு பாத்து, "ஐயோ, கல்யாணத்தன்னைக்கு நான் ஒட்டினது"ன்னு முகத்தைப் பொத்திக்கிட்டா. படியில இருந்த சுமன் எந்திரிச்சு வந்தான். நாலாவது பழத்தை அவன் கையில எடுத்துக்கிட்டான்.

நம்பர் ஒண்ணொண்ணா மேல வந்துச்சு. ரஜனி வாசிக்க வாசிக்க, கனகலிங்கம் புக்குல விரல் வச்சுப் பாத்துக்கிட்டே வந்தாரு. கடைசி ஒண்ணு மட்டும் மூணா எட்டான்னு தெரியல. "கடதாசியை வச்சுப் பென்சிலால தேயும் தம்பி"ன்னாரு. சுமன் தேச்சான். கடதாசியில எட்டு எழும்பி வந்துச்சு.

"எட்டு!"ன்னு அன்ஸார் நானாதான் முதல்ல கத்தினாரு.

கையெழுத்துப் போட்டு முடிக்கிறப்ப ரெண்டு ஆக அஞ்சு நிமிசம். வாசல்ல ஒரு வேன் வந்து நின்னு, டயகமக்காரர் எறங்கினாரு. நானா கையை விரிச்சுக்கிட்டு அவர்கிட்ட போனாரு. அவரு நீல வண்டியைப் பாத்தாரு, சுமனைப் பாத்தாரு. "நல்லா ஓட்டுங்க தம்பி"ன்னு சொல்லிட்டு பால் ஊத்தாத பிளேன்டி ஒண்ணு குடிச்சுட்டுப் போனாரு. நல்ல மனுசன்.

சுமன் செவலையோட டேங்கை ரெண்டு தட்டுத் தட்டிட்டு வந்தான். மாட்டைத் தட்டுற மாதிரியே. நீல வண்டியை வெளியில எடுத்தாங்க. மிச்சம் ஒரே பழம். முன் சக்கரத்துக்கு மட்டும் வச்சேன். மடியில இருந்து செவப்புக் கயித்தை எடுத்துப் புதுச் சாவியில கட்டினேன். குங்குமச் சிமிழைத் தொறந்தேன்.

"வேண்டாம்!"ன்னு நாலு பேரும் ஒண்ணாக் கத்தினாங்க.

"இதுல நம்பர் எங்க அடிச்சிருக்கு?"ன்னு கேட்டேன்.

கனகலிங்கம் காட்டினாரு. அதே நெத்தி! இந்த வண்டி செய்றவங்களுக்குப் பொட்டு வைக்கிற பழக்கமே இல்ல போல.

"அப்ப விளக்குல வைங்க"ன்னான் சுமன்.

"அது கண்ணு. ஒம்பது வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

அவன் தலையில புது ஹெல்மட் இருந்துச்சு. அதுல நம்பர் கிம்பர் இருக்கான்னு கனகலிங்கத்துக்கிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். "இல்லை ஆச்சி, வடிவாப் பூசுங்கோ"ன்னாரு. குனியச் சொல்லி, நெத்தி நடுவுல கெட்டியா ஒரு பொட்டு வச்சேன். அட்டன்ல இருந்து தோட்டம் வரைக்கும் அந்தப் பொட்டோட, ரஜனியைப் பின்னால ஏத்திக்கிட்டு வந்தான். பின்சீட்டு பழசைவிட இன்னும் ஒசரமாம்.

இப்பவும் அந்த ஹெல்மட்டைக் கழுவ நான் விடுறதில்ல.