கவிச்சியா, வீச்சமா?

ஆலை கேன்டீனின் பின்வாசலில் மூக்கக்கா "உள்ளே" என்றால்தான் எந்தப் பொருளும் அடுப்பைப் பார்க்கும். "வெளியே" என்றால் குப்பைத்தொட்டி. பால், இறைச்சி, மீன் எதுவானாலும் ஒருமுறை முகர்வாள், ஒரு சொல் சொல்வாள், அதற்கு மேல் பேச்சில்லை. அந்த மூக்குக்காகத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். அங்கே சமையல்காரன் அவளுடைய கொழுந்தன்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பின்வாசலில் அவளுக்கு என்ன வேலை?

மூக்கு செத்தால் அருவருப்பும் செத்துவிடும் என்று நினைப்போம். அவளுக்கு அது கண்ணுக்கும் விரலுக்கும் இறங்கிவிட்டது. சோறு ஈரப்பஞ்சாக இருந்தது. முட்டை தொண்டையில் நத்தைபோல இறங்கியது. பாலில் படியும் ஏட்டைக் கண்டால் யாரோ உரித்துப்போட்ட தோல் நினைவுக்கு வந்து குமட்டியது. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் போனதில் எல்லாமே கெட்டதாகப் பட்டது.

ஆனாலும் பிழைப்பு ஓடியது. வாயை வைத்து ஓட்டினாள்.

இறைச்சி வந்ததும் பாத்திரம் கழுவுகிறவளைக் கூப்பிடுவாள். "ஏய், இங்க வாடி. இது கவிச்சியா, வீச்சமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"எப்படி ஒண்ணாகும்? கவிச்சி கூடவே பொறந்தது. வீச்சம் கெட்ட சகவாசத்துல வந்தது. நல்லா மோந்து சொல்லு."

அவள் முகர்ந்து, கண்ணை மூடி யோசித்து, "கவிச்சிதான்க்கா" என்பாள். "உள்ளே" என்பாள் மூக்கக்கா.

நாளடைவில் எல்லாருக்கும் இது விளையாட்டாகிவிட்டது. "வாடைக்கும் நாத்தத்துக்கும் நடுவுல எல்லைக்கல் எங்க நட்டிருக்கு அண்ணி?" என்று கொழுந்தன் சீண்டுவான். அவர்கள் சிரிக்கச் சிரிக்க, அவர்களுடைய மூக்கை அவள் இரவல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பாத்திரம் கழுவுகிறவள் லீவு. மீனும் தாமதம். மீன்காரர் கூடையை இறக்கியபோது உள்ளே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கொழுந்தன் கரண்டியோடு வாசலுக்கு வந்தான்.

"சொல்லு தம்பி. கவிச்சியா, வீச்சமா?"

"செத்த மீன் பின்ன ரோஜாப்பூவாட்டமா மணக்கும்? ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி."

"விளையாடாதே. ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

"மாட்டேன். இன்னிக்கு நான்தான் ஜெயிக்கணும். வேற வேறன்னா நீங்களே மோந்து சொல்லுங்க."

குனிந்தாள். கண்ணாடியை முகர்ந்த மாதிரி இருந்தது. மீனின் கண் வெளுத்திருந்தது. ஐஸில் கிடந்தாலும் வெளுக்கும். செவுளுக்குள் விரலை விட்டாள். பழுப்பாக, சளிபோல ஒரு இழை விரலோடு நீண்டு வந்தது. ஆனால் இப்போதெல்லாம் நல்ல மீனும் அவளுக்கு இப்படித்தான் பட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் பசியோடு தட்டுகளைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். "உள்ளே" நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அந்த இழை அத்தனை பேர் வாயிலும் இறங்குவதை நினைத்தாள்.

"எனக்குத் தெரியல தம்பி. காய்ச்சல் வந்ததிலேருந்து ஒரு வாசனையும் தெரியல."

"அப்போ இத்தனை நாளா?"

"உங்க மூக்குதான்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். விளையாட்டை விட்டுவிட்டு, கூடைக்குள் முகத்தை வைத்து முகர்ந்தான். முகம் கோணிப்போய் எழுந்தான்.

"உள்ளேயா, வெளியேயா?" என்று மூக்கக்காவைப் பார்த்துக் கேட்டார் மீன்காரர்.

"வெளியே" என்றான் கொழுந்தன்.

அவள் குழாயடிக்குப் போய் விரலைத் தேய்த்தாள். சோப்புப் போட்டும் பிசுபிசுப்புப் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் முகம் இன்னும் அப்படியே கோணியிருந்தது. அது மீனுக்கா, தனக்கா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.