அக்கரையில் விழுந்த சொல்

செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே யார் நீந்துவார்கள், யார் கரையில் நின்று படம் எடுப்பார்கள் என்று பிரதாப் பிரித்துவிடுவான். காலை உதறிச் செருப்பைப் பறக்கவிடுகிறவர் நேராக ஆழத்துக்குப் போவார். அவர்மேல் ஒரு கண் வேண்டும். குனிந்து வாரை அவிழ்த்து, காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் செருகுகிறவர் முழங்காலளவுத் தண்ணீரோடு நின்றுகொள்வார். கழற்றாமலே நிற்கிறவர் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கப்போகிறவர். எல்லாருடையதையும் அவனே பொறுக்கி, பாறை விளிம்பில் ஜோடி ஜோடியாக வரிசை கட்டுவான். தண்ணீரிலிருந்து ஏறியதும் முதல் வேலையாகத் தன் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவன் சட்டம். செருப்பு மிஞ்சினால் ஆள் இன்னும் ஆற்றில். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். இது செருப்புப் பெரட்டு.

“ஆளு பொய் சொல்லும்ங்க. செருப்பு சொல்லாது.”

தெஹியோவிட்டையிலிருந்து மேலே ஏறினால் ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்த ஓயா என்னும் சிற்றாறு பாறை பாறையாக இறங்கி வருகிறது. நடுவில் அண்டா என்ற குழி. கோயில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவைப் போல வட்டமாகக் குடைந்த பாறை. உள்ளே பச்சைத் தண்ணீர், அசைவே இல்லாததுபோல் கிடக்கும். அது வழிகிற வாய் மட்டும் ஒடுக்கம். நாள் முழுக்கச் சோம்பிக் கிடந்த தண்ணீர் அந்த இடத்துக்கு வந்ததும் பஸ் பிடிக்கப் போகிறதுபோல் அவசரப்பட்டு, இரண்டு பாறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு கீழே பாயும். கீழே மணல் விரித்த ஆழமில்லாத பரப்பு. கரையில் பாய்க்கல் என்ற தட்டைப் பாறை. சமையலும் சாப்பாடும் சாப்பிட்டபின் மல்லாந்து படுத்துக் கிடப்பதும் அங்கேதான்.

மாவனல்லைக்காரரான ஷிராஸ் இந்த ஓயா ஓரத்தில் சில அறைகளைக் கட்டி, கொழும்புப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்களுக்கு ஒருநாள் பயணம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைக் காட்டுப்பாதையில் அழைத்துப்போய், குளிக்கவைத்து, சாப்பிடவைத்து, முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது பிரதாப்பின் பொறுப்பு. ஒரு கையில் லொறி டியூப். கழுத்தில் சப்பாத்துக் கயிற்றில் தொங்கும் விசில். இடுப்பில் அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கட்டிய துணி முடிச்சு. கடிபட்டவர்கள் துள்ளும்போது பதறமாட்டான். “பாவங்க, அதுக்கும் ஞாயித்துக்கிழமதான் நல்ல சாப்பாடு” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே முடிச்சை ஒற்றுவான். கடிபட்டவரே சிரித்துவிடுவார்.

அந்தச் சிங்களந்தான் அவனுடைய சொத்து. ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தமிழ், லயத்துக்கு வெளியே கால் வைத்தால் சிங்களம் என்று வளர்ந்தவன். மற்றவர்களுக்கு நாக்கில் ஏதாவது ஒரு எழுத்து காட்டிக்கொடுக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. “ஒன்ட சிங்களத்துக்காகத்தான் ஒன்ன வச்சீக்கிறன். நீந்துறதுக்கு ஆத்துல மீன் ஈக்கிதானே” என்பார் ஷிராஸ். வருகிறவர்களுக்கு அவன் பெயர் பிரதாப் என்று காதில் விழுவதில்லை. பிரதீப் என்றே விழுகிறது. பிரதீப் மல்லி என்று தம்பி முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் திருத்தப் பார்த்தான். மறுவாரம் விட்டுவிட்டான். அந்தப் பெயர் கூப்பிட வசதியாகவும் கேட்க இதமாகவும் இருந்தது.

மனைவி சர்மிளா அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். ஞாயிறு பின்னேரம் அவன் ஈரத்தோடு வந்து உட்கார்ந்ததும், “இப்ப வந்திருக்கிறது பிரதாப்பா பிரதீப்பா? ஆளப் பாத்துத்தான் சோறு போடணும்” என்பாள். சோறு போட்டபின், “பிரதீப்புக்கு மட்டும் கருவாடு இல்ல” என்பாள்.

மற்ற ஆறு நாளும் அவனுக்கு அவிசாவளையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. ஆணி நிறுக்க வேண்டும், சீமெந்து மூட்டை தூக்க வேண்டும். முதலாளியும் தமிழர்தான். ஆனால் அவர் வாயில் பிரதாப்பும் வராது, பிரதீப்பும் வராது. “ஏய் தோட்டம், அந்தக் கம்பிய இறக்கு.” கடைக்கு வருகிறவர்களும் அதையே பழகிக்கொண்டார்கள். ஆற்றில் அப்படியல்ல. பெரிய உத்தியோகத்தர்கள்கூட அவன் விசிலடித்தால் கரையேறுகிறார்கள். இறங்கலாமா என்று கேட்டுவிட்டு இறங்குகிறார்கள். அந்த ஒரு நாள் கையைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதில் பிரதாப் குறியாக இருந்தான். முன்பு இருந்த வழிகாட்டி ஒரே ஒரு முறைப்பாட்டில் வீட்டுக்குப் போனவன். ஷிராஸ் நல்ல மனிதர். முறைப்பாடு என்று வந்தால் அந்த நல்ல மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. ஓயா தெளிந்து, அடிக்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. கடவத்தையிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் வந்திருந்தது. காலைக் குளியல் முடிந்து பெரியவர்கள் பாய்க்கல்லுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். சமைக்கிற பெண்கள் தேங்காய் திருவும் பக்கமாக அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் ஒதுங்கிவிட்டன. மகள் செனுரிக்கு மட்டும் அண்டாவின் அக்கரையில் வெயில் விழுந்த பாறைமேல் கொஞ்சநேரம் உட்கார வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை, கேட்டதையெல்லாம் மெதுவாகக் கேட்கிறவள். பிரதாப் அவளை மேல்பக்கக் கற்களின் வழியாகக் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டான். நான் கூப்பிடும்வரைக்கும் அசையக்கூடாது, கூப்பிட்டபின்தான் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, டியூபை எடுக்க இக்கரைக்கு வந்தான்.

டியூபில் காற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்று எதையோ கேட்டாள். வாய் அசைவது தெரிந்தது. சத்தத்தையெல்லாம் ஒடுக்கத்துத் தண்ணீர் விழுங்கிவிட்டது. பிரதாப் தலையைத் தூக்கிக் கத்தினான்:

“என்ன?”

பெரிய ஆளாக இருந்திருந்தால் “என்னாங்க” என்று இழுத்திருப்பான். சின்னப் பிள்ளை என்பதால் மொட்டையாக விட்டுவிட்டான். நன்றாகப் படிந்திருந்த சிங்களம் அந்த ஒரு நொடி எங்கே போயிற்றோ, காது கேட்காத அவசரத்தில் லயத்துச் சொல் முந்திக்கொண்டு வந்தது. ஓடுகிற தண்ணீர் கேள்வியின் இழுவையை அள்ளிக்கொண்டு, சொல்லை மட்டும் அக்கரையில் போட்டது.

சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாங்க’.

செனுரி வந்தாள். மேல்பக்கக் கற்களைச் சுற்றாமல், கைக்கெட்டும் தூரம்போல் தெரிந்த ஒடுக்கத்தில் நேராகக் கால் வைத்தாள். பாசி வழுக்கியது. டியூபை எறிந்தால் அவளுக்கு முன்னால் அது போய்விடும் என்று பிரதாப்புக்குத் தெரிந்தது. கரையோடு ஓடி, ஒடுக்கத்தின் கீழ்முனையில் குதித்துக் காலை அகட்டிக் குறுக்கே நின்றான். கறுப்பாக ஏதோ சுருண்டு வந்து அவன் வயிற்றில் முட்டியது. அவள் தலை.

தூக்கிக் கொண்டுவந்து பாய்க்கல்லில் உட்காரவைத்தபோது இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். இரண்டு முழங்காலும் தேங்காய் திருவுகிற பல்லில் இழுத்ததுபோல் உரிந்திருந்தன. வேறு சேதம் இல்லை. அந்த நிம்மதி தாய்க்கு ஒரு மூச்சு நேரம் தங்கியது. அதற்குப்பின் கோபம் வந்தது. மல்லி கூப்பிடும்வரைக்கும் இறங்காதே என்று சொல்லித்தானே விட்டார், யாரைக் கேட்டு இறங்கினாய் என்றாள்.

அவர் கூப்பிட்டார் என்றாள் செனுரி.

தகப்பன் பிரதாப்பைப் பார்த்தார். இல்லை சார், நான் கூப்பிடவில்லை என்று சொன்னான். அவனைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. கூப்பிடுகிற எண்ணமே அவனுக்கு இருக்கவில்லை. அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் தாயின் கை பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. செய்வதையும் செய்துவிட்டு, உயிரைக் காப்பாற்றினவர்மேல் பழி போடுகிறாயா என்று பல்லைக் கடித்தாள். அவரிடம் மன்னிப்புக் கேள் என்றாள்.

செனுரி அழவில்லை. ஈர முடியை ஒதுக்கிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“‘என்ன’ கிவ்வா,” என்றாள். ‘வாங்க’ன்னு சொன்னாரே.

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தபோதுதான் பிரதாப்பின் காதில் விழுந்தது. அவனுடைய சொல். அவன் கத்திய அதே சொல். அங்கே நின்ற யாருக்கும் அது கேட்டிருக்காது. தேங்காய் திருவிய பெண்களுக்கும் கேட்டிருக்காது. அவன் பேசாமல் நின்றாலே போதும். பிள்ளை பொய் சொன்னது என்று முடிந்துவிடும், சாப்பாடு பரிமாறிவிடலாம், பின்னேரம் வேன் ஏறும்போது எல்லாரும் கைகொடுத்து நன்றி சொல்வார்கள். அடுத்த ஞாயிறும் இருக்கும். வாயைத் திறந்தால் அது இருக்குமா தெரியாது.

தாய் மறுபடியும் கையை ஓங்கினாள்.

“அடிக்காதீங்க நோனா. புள்ள பொய் சொல்லல்ல.” சிங்களத்தில்தான் சொன்னான். ஆனால் எத்தனையோ ஞாயிறுகளில் தடுக்காத அந்தச் சிங்களம் அன்றைக்குத் தடுக்கித் தடுக்கி வந்தது. “நான் அந்தச் சொல்லச் சொன்னேன். அது வேற... எங்க பேச்சுல ‘என்ன’ன்னா உங்க ‘மொக்கத’. அவ கேட்டது எனக்கு வௌங்கல்ல. அதத்தான் கேட்டேன். அவ வரச் சொன்னதா நெனச்சிட்டா.”

அடுப்பில் கறி கொதித்தது.

“மல்லி தமிழா?” என்றார் தகப்பன்.

“ஆமாங்க சார். மேல் டிவிசன் லயம்.”

“பிரதீப்ன்னாங்களே.”

“பிரதாப். வாறவங்க பிரதீப்னு கூப்பிடுவாங்க. நானும் விட்டுட்டேன்.”

அவர் கோபக்காரரல்ல. தாடையைத் தடவிக்கொண்டு ஆற்றையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “தண்ணிப் பக்கத்துல எதையும் அப்பிடி விடக்கூடாது மல்லி,” என்றார். “ஷிராஸ்கிட்ட இதச் சொல்லாம நான் போக மாட்டேன். சொல்லத்தான் வேணும்.”

சொல்லுங்க சார் என்று பிரதாப் தலையசைத்தான். அந்தப் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. பின்னேரம் வரைக்கும் அவன் வழிகாட்டி.

சாப்பாடு நடந்தது. வாழையிலையில் சோறு, பருப்பு, ஆற்றுமீன் குழம்பு, பொரித்த மிளகாய், அதன்பின் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ. ஓங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத தாய், துவாயால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துவட்டினாள். வெயில் சாய்ந்ததும் பெரியவர்கள் மணல் பரப்பில் இறங்கிக் கழுத்தளவு சரிந்து படுத்தார்கள். தண்ணீர் அவர்கள் தோள்களைச் சுற்றி வளைந்து போனது. யாரோ பாட்டுப் பாடினார்கள். வா வா என்று செனுரியை எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் பாறைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ப் பக்கம் பார்க்கவே இல்லை. கூப்பிடக் கூப்பிடக் கட்டிய கை இறுகியது.

பிரதாப் பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கு விறகை ஒதுக்கிக் கொடுத்தான். டியூபைக் காட்டுக்கொடியில் கட்டினான். இனிச் செய்ய வேலை இல்லை. போகிற வழியில் பிள்ளை பக்கத்தில் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். எந்தப் பேச்சில் தொடங்கினாலும் அதில் தண்ணீர் கலந்துவிடும்போல் இருந்தது. மூடிக்கொண்டான்.

அவள் உட்கார்ந்திருந்த பாறைக்கு நேர் கீழே தண்ணீர் முழங்காலளவுதான். பிரதாப் நீளக் காற்சட்டையோடு அதில் இறங்கி, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, அவளுக்கு முதுகு காட்டி, அப்படியே மணலில் உட்கார்ந்தான். சட்டை ஊதிப் பின் நனைந்து முதுகோடு ஒட்டியது. மேலிருந்து வந்த தண்ணீர் அவன் நெஞ்சில் பட்டு இரண்டாகப் பிரிந்து ஓடியது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பாயளவு இடத்தில் ஓட்டம் நின்று, மணல்கூடக் கலங்காமல் கிடந்தது.

நெடுநேரம் அப்படியே இருந்தான். ஆற்றுக்கு அப்பால் ரப்பர் மரங்களில் காற்று ஏறி இறங்கியது.

பின்னால் ஒரு கூழாங்கல் புரளும் சத்தம் கேட்டது. சிறிது விட்டு இன்னொன்று. பிரதாப் திரும்பவில்லை. தண்ணீர் வேகமாக வருகிற பக்கம் பார்த்து ஒரு சாண் நகர்ந்து, தோளை அகலித்து உட்கார்ந்தான்.