திரைக்கு அந்தப் பக்கம் உப்பு ஜாடி

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில் குடியிருக்கும் அமீனா பீக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. ரமலானின் கடைசிப் பத்து நாளும் ஒதுங்கி, உலகத்தை மறந்து, தொழுகையும் ஓதலுமாக இஃதிகாஃப் இருக்க வேண்டும். ஆண்களுக்குப் பிரச்சினையில்லை, பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், உலகம் செருப்போடு வெளியே நின்றுவிடும். பெண்களுக்கு வீட்டு மூலை. அமீனா பீயின் மூலைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்தது ஒரு பூப்போட்ட திரைச்சீலை.

அவசியமில்லாமல் இடத்தை விட்டு எழுந்தால் இஃதிகாஃப் முறிந்துவிடும். போன வருஷம் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். பால் பிழைத்தது, இஃதிகாஃப் போயிற்று. இந்த வருஷம் எழவில்லை. ஆனால் வாய்க்குத் தடை ஏது? உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மெஹக், இஞ்சி பத்தாது", "மெஹக், அடுப்பைத் தணி" என்று மருமகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா அமீனா, அல்லா கிட்ட பேசறியா, அடுப்பு கிட்ட பேசறியா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினார் கணவர் அப்துல் கரீம்.

சுருக்கென்றது. உண்மை என்பதால் கோபமும் வந்தது. பெருநாள் பிறை தெரிகிற வரை சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

இப்படி முடிவெடுத்த அன்றைக்குத்தானா ஆதம்பாக்கத்திலிருந்து நாத்தனார் நோன்பு திறக்க வர வேண்டும்? ஃபிர்தௌஸ் ஒரு வீட்டில் கஞ்சி குடித்தால் அதன் ருசி மறுநாளே வேளச்சேரி வரை தெரிந்துவிடும். வந்ததும் அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அமீனா பீ தஸ்பீஹ் மணியை உருட்டினார். தியானத்துக்கு வேண்டிய கவனம் அவரிடம் ஏராளம். அவ்வளவும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அரிசி கொதித்தது. தேங்காய்ப்பால் இறங்கியது. கொத்தமல்லி கிள்ளப்பட்டது. உப்பு ஜாடியின் மூடி மட்டும் சத்தம் போடவில்லை. நோன்பு நேரம், மெஹக் ருசி பார்க்கப் போவதும் இல்லை.

சொன்னால் ஃபிர்தௌஸ் முன்னால் மெஹக்கின் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் மானம் போகும். இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது என்று தெரிந்தபோது அமீனா பீயின் விரல் மணியிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக உப்புப் போட்டது கஞ்சிக்கா, தன் பேருக்கா? உதட்டைக் கடித்துக்கொண்டார். பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"இன்னா பாபி," அண்ணியைக் கேட்ட ஃபிர்தௌஸின் குரல் திரையைத் தாண்டி வந்தது. "டாக்டர் உப்பே ஆகாதுன்னுட்டாரா?"

"ஐயோ பூப்பி, மறந்தே போயிட்டேன்!" என்றாள் மெஹக்.

"ஜாடி இங்கதான கீது, போட்டுக்க," என்றார் நோன்பு திறக்கக் கடையிலிருந்து வந்திருந்த அப்துல் கரீம்.

போட்டுக்கொண்டார்கள். ஃபிர்தௌஸ் இன்னொரு கிண்ணமும் கேட்டாள். வானம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதுதான் அமீனா பீக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மெஹக் கஞ்சியோடு திரையை விலக்கினாள். "மூடி தொறக்கறதே உங்களுக்குக் கேக்குமே அம்மீ. ஏன் சொல்லல?"

"ஓதிக்கினு இருந்தேன்னு சொன்னா பொய். ஒண்ணொண்ணா கேட்டுக்கினுதான் இருந்தேன்."

மெஹக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. "சரி, நாளைக்கு இன்னா செய்யட்டும்?"

"உனக்கு இன்னா தோணுதோ அத செய்."

அப்துல் கரீம் எட்டிப் பார்த்தார். "மெஹக், நெத்தியத் தொட்டுப் பாரு. ஜுரம் கிரம் கீதா?"

மறுநாள் மாலை அமீனா பீ அஸர் தொழும்போது அடுப்படியில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. கடுகா, சீரகமா என்று காது எழுந்து போயிற்று. அதன் கூட அமீனா பீ போகவில்லை.